ஏழாம் வகுப்பு 'பி' பிரிவில் இறந்துபோனவர்

வண்டலூர்
25 ஜனவரி 2025

மெஹ்னாஸுக்கு,

ஸலாம். 'அன்புள்ள' என்று போடலாமா கூடாதா என்று குழம்பி, போடாமலே விட்டுவிட்டேன். போனை எடுத்தாலே சண்டை வருகிறது, எதுவானாலும் எழுதி அனுப்புங்கள் என்று உன் அண்ணன் அஃப்தாப் ஆகஸ்ட் மாதம் பெரிய ஜட்ஜ் மாதிரி தீர்ப்புச் சொன்னாரே, அதன்படி நான் எழுதும் முதல் கடிதம் இது. இத்தனை மாதமாக எழுத ஒன்றும் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. நான் செத்துப்போய்விட்டேனாம்.

நேற்று ஒரு லிஃப்ட் ரிப்பேர் வேலை முடிந்து ஸ்டேஷன் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற சுந்தர்சிங்கை உனக்குத் தெரியும், அவர் பெண்ணும் நம் கைனாத்தும் ஒரே வகுப்பு. என்னைப் பார்த்ததும் மனுஷன் நடுரோட்டில் பிரேக் போட்டுவிட்டார். உள்ளே இருந்தவர்கள் எல்லாம் முன்னால் வந்து விழுந்தார்கள்.

"யப்பா மொஹ்சினு, நீ உயிரோடவா கீற?"

"ஏன், இன்னா ஆச்சு?"

"வியாழக்கெழம ஸ்கூல்ல உனக்கோசரம் எல்லாப் புள்ளைங்களும் எந்திரிச்சு மௌனமா நின்னுதுங்களாம்யா. எம் பொண்ணு வூட்டுக்கு வந்து ஒரே அழுவை. நான் வேற சர்ச்சுல மெழுகுவத்தி ஏத்திட்டேன்."

டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். அக்கா நூர் பீவியிடம் வந்து சொன்னேன். அவள் என் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, திருஷ்டி என்றாள்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரியவேண்டும். இதைச் சொன்னது நீயா? புருஷன் கோபித்துக்கொண்டு அக்கா வீட்டில் கிடக்கிறான் என்று சொல்வதைவிட, போய்ச் சேர்ந்துவிட்டான் என்று சொல்வது உனக்கு வசதியாக இருந்ததா? அப்படியென்றால் சொல். பெண்டாட்டி மேல் கோபப்படலாம், விதவை மேல் எப்படிக் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கடிதத்தைச் சுந்தர்சிங்கிடமே கொடுத்தனுப்புகிறேன். வாங்கும்போது என் கையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மொஹ்சின்


இரும்புலியூர்
27 ஜனவரி 2025

கைனாத் அத்தாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். என்னைப் பற்றி இவ்வளவு கேவலமாக நினைக்க உங்களால் முடிகிறது என்பது எனக்குப் புதிதில்லை. ஆனால் இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்ததைவிட உங்களுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது. உங்கள் கடிதத்தைக் கண்ணாடிக் கடை கவுண்டரில் நின்றுகொண்டு படித்தேன். பவர் செக் பண்ண வந்தவர், "மேடம், உங்களுக்கே தலை சுத்துது போல" என்றார்.

நடந்ததைச் சொல்கிறேன். போன வாரம் கைனாத்தின் தமிழ் மிஸ் தீபலட்சுமி என்னை வரச்சொன்னார். ஸ்டாஃப் ரூம் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கைனாத் எழுதினதைப் படிச்சேங்க. மனசே ஆறலை. எப்ப நடந்தது?"

நீங்கள் வீட்டை விட்டுப் போனதை எழுதிவிட்டாள் என்று நினைத்தேன். "ஆகஸ்டுல மிஸ்" என்றேன்.

"திடீர்னா?"

"ஆமா மிஸ், அஞ்சு நிமிஷம்கூட ஆகலை."

"கடைசியா ஏதாவது சொன்னாரா?"

"கதவைச் சாத்திக்கோன்னார்."

மிஸ் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். குடும்பச் சண்டைக்கெல்லாம் இப்படி அழுகிறாரே, எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டு நான்தான் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். "எனக்குப் பழகிடுச்சு மிஸ்" என்று ஆறுதல் வேறு சொன்னேன். இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது. நடுநடுவே சிரிப்பும் வந்து தொலைக்கிறது.

பள்ளியில் வாழ்க்கை வரலாற்று வாரமாம். ஏழாம் வகுப்பில் ஆளுக்கு ஒருவருடைய வாழ்க்கையை எழுதவேண்டும். நல்லவர்களின் வாழ்க்கையைப் படித்தால் பிள்ளைகளுக்கு வாழத் தெரியும் என்பது மிஸ்ஸின் நம்பிக்கை. போன வருஷம் பாதி வகுப்பு நடிகர்களையும் கட்சிக்காரர்களையும் எழுதி, அப்பாக்கள் வந்து அடிதடியாகிவிட்டதாம். அதனால் இந்த வருஷம் உயிரோடு இருப்பவர்களை எழுதக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார். போர்டில் தலைப்புகளும் எழுதிப் போட்டிருக்கிறார்: பிறப்பு, இளமை, கல்வி, தொண்டு, இறுதி நாட்கள். ஐந்துக்கும் மார்க் உண்டு.

கைனாத் உங்களை எழுதியிருக்கிறாள். சட்டப்படி எழுதியிருக்கிறாள்.

ஏன் என்று கேட்டேன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். அவள் நோட்டிலிருந்து கட்டுரையை ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். மிஸ்ஸிடம் இன்னும் நான் உண்மையைச் சொல்லவில்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

மெஹ்னாஸ்


வண்டலூர்
30 ஜனவரி 2025

மெஹ்னாஸுக்கு,

உன்மேல் சந்தேகப்பட்டது தப்பு. விட்டுவிடு.

என் வாழ்க்கை வரலாற்றைப் படித்தேன். அக்காவுக்கும் படித்துக் காட்டினேன். 'இறுதி நாட்கள்' வந்ததும் அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். "அக்கா, நான் இதோ உக்காந்திருக்கேன்" என்றால், "நீ சும்மா இருடா, எம் தம்பி எவ்ளோ நல்லவன்" என்கிறாள்.

'மொஹ்சின் அவர்கள் இளமையில் வறுமையில் வாடி, தெருவிளக்கின் ஒளியில் பயின்றார்.' எங்கள் வீட்டில் கூடத்துக்கு ஒன்று, உள்ளறைக்கு ஒன்று என்று டியூப் லைட் எரிந்தது. தெருவிளக்கடியில் நான் நின்றது உண்மைதான். அது உங்கள் வீட்டு மாடி ஜன்னலைப் பார்ப்பதற்கு. அதைக் 'கல்வி'யில் சேர்க்க முடியாது.

'பல துறைகளில் பணியாற்றி அனுபவம் பெற்றார்.' ஐந்து இடத்தில் வேலையை விட்டதைத்தான் இப்படி எழுதியிருக்கிறாள். 'அயல்நாட்டுச் செல்வத்தை உதறித் தாயகம் திரும்பினார்.' தோஹாவிலிருந்து நாலே மாதத்தில் நான் ஓடி வந்த கதை. சூப்பர்வைசர் என்னை என்ன பாடு படுத்தினான் என்று உனக்குத் தெரியும். தாயகம் என் நினைவிலேயே இல்லை, உன் கையால் ஒரு வாய் ரசம் குடிக்கவேண்டும் என்பதுதான் இருந்தது. இதைச் சொன்னால் நீ நம்பமாட்டாய்.

என் சாவு பெருங்களத்தூர் அபார்ட்மெண்ட் ஒன்றில். பழுதான லிஃப்டில் சிக்கிய ஒரு கர்ப்பிணியைக் காப்பாற்றிவிட்டுத் தாம் உயிர் நீத்தாராம். அந்த அபார்ட்மெண்டில் நான் வெளியே எடுத்தது ஒரு பெரியவரையும் அவருடைய வஞ்சிர மீன் பையையும். "மீன் கெட்டுப்போயிருந்தா யாருய்யா பொறுப்பு?" என்று என்னைத்தான் திட்டினார்.

எல்லாம் பொய் என்று தூக்கிப் போடலாம் என்றால், நடுவில் ஒரு வரி வருகிறது. 'உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் அவர் முதலில் பேச்சுக் கொடுப்பார். நான் வெளியிலதான் இருக்கேன், பயப்படாதீங்க என்பார். அதன் பிறகுதான் கதவைத் தொடுவார்.' இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய விஷயமாகவே நினைத்ததில்லை. எப்போதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலையூர் வேலைக்கு இவளையும் கூட்டிப் போனேன், படிக்கட்டில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். அன்றைக்குப் பார்த்திருக்கவேண்டும்.

பொய்யான இடத்தில் சிரிப்பும், உண்மையான இடத்தில் அழுகையும் வருகிறது. எனக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. திங்கட்கிழமை நேராகப் பள்ளிக்கு வந்து நிற்கப்போகிறேன். உயிரோடிருக்கிறவனுக்கு அதைச் சொல்லிக்கொள்ளும் உரிமைகூடவா இல்லை?

மொஹ்சின்


இரும்புலியூர்
1 பிப்ரவரி 2025

கைனாத் அத்தாவுக்கு,

தயவுசெய்து வரவேண்டாம். கையெழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்தே என் அவசரம் உங்களுக்குப் புரியும். சுந்தர்சிங் ஆட்டோவை ஆஃப் பண்ணாமல் வாசலில் நிற்கிறார்.

நீங்கள் வரப்போகிறீர்கள் என்று கைனாத்திடம் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாள். "அத்தா வந்தா நான் பொய்க்காரி ஆயிடுவேன். அப்புறம் நான் ஸ்கூலுக்கே போகமாட்டேன்" என்கிறாள். முந்தாநாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. ஏழாம் வகுப்பில் படிப்பை நிறுத்திய பெண்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள், நமக்குத் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொன்று. அவளுடைய கட்டுரையை ஆண்டு விழாவில் மேடையில் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டு மிஸ்ஸைப் பார்க்கப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார்: வகுப்பில் ஆல்வின் என்று ஒரு பையன், அப்பாவோடு பல மாதமாகப் பேச்சே இல்லையாம். கைனாத் கட்டுரையைக் கேட்ட அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், "அப்பா, சாப்ட்டியா?" என்று கேட்டானாம். அவன் அம்மா வந்து மிஸ் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். இதைக் கேட்டபிறகு நான் என்னவென்று சொல்வேன்? "கைனாத் நல்லா எழுதியிருக்கா மிஸ்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவள் ஏன் உங்களை எழுதினாள் என்று நேற்றுத்தான் சொன்னாள். "நீதானம்மா மாமா முன்னாடி அத்தாகிட்ட கேட்ட, உங்க வாழ்க்கையில வெளியில சொல்லிக்கிற மாதிரி ஒண்ணாவது இருக்கான்னு. நான் அஞ்சு பக்கம் எழுதிட்டேன்."

நீங்கள் பெட்டியைத் தூக்கிய அன்று அவள் பக்கத்து அறையில் தூங்குகிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்களிடம் இதை எழுதுகிறேனே என்று அதற்கும் சேர்த்துக் கோபமாக இருக்கிறது.

மெஹ்னாஸ்


வண்டலூர்
6 பிப்ரவரி 2025

மெஹ்னாஸுக்கு,

வரவில்லை. பார்த்திருப்பாய்.

ஆனால் எதுவரைக்கும்? பன்னிரண்டாம் வகுப்பு முடிகிறவரை நான் இறந்தவனாகவே இருக்கவேண்டுமா? தாம்பரம் மார்க்கெட்டில் அவள் மிஸ் எதிரே வந்தால் கூடைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவேண்டுமா? நாளைக்கு அவள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்கு முன்னால் 'மர்ஹூம்' என்று அச்சடிப்பாயா?

அவள் எழுதியிருக்கிற அந்த மொஹ்சினைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அவன் ஒரு வேலையைக்கூடக் கோபத்தில் விடவில்லை. பெண்டாட்டி சொன்ன ஒரு வார்த்தைக்காகப் பெட்டியைத் தூக்கவில்லை. அவனோடு போட்டி போட்டு ஜெயிக்க முடியாது, ஏனென்றால் அவன் செத்துவிட்டான், இனிமேல் தப்பே செய்யமாட்டான்.

அவள் வாசிப்பதை நான் ஒரு தடவை கேட்கவேண்டும். வேறொன்றும் வேண்டாம். அதற்கு ஒரு வழி சொல்.

மொஹ்சின்


இரும்புலியூர்
10 பிப்ரவரி 2025

கைனாத் அத்தாவுக்கு,

ரொம்ப யோசித்துத்தான் இதை எழுதுகிறேன், யோசித்ததால் நல்ல யோசனை என்று நினைத்துவிடாதீர்கள். விழா சனிக்கிழமை. அஃப்தாப் அண்ணன் பெங்களூர் போகிறார். அவர் பெயரில் வாருங்கள். கேட்டில் பெயரும் உறவும் கேட்பார்கள், 'மாமா' என்று சொல்லுங்கள். கடைசி வரிசையில் உட்காருங்கள். கட்டுரை முடிந்ததும் எழுந்து போய்விடுங்கள். மிஸ் உங்களைப் பார்த்ததில்லை. சுந்தர்சிங்கிடம் வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

கைனாத்திடம் சொல்லவில்லை.

வெள்ளைச் சட்டை போடாதீர்கள், உங்களுக்கு அது எடுப்பாகத் தெரியும்.

மெஹ்னாஸ்


வண்டலூர்
16 பிப்ரவரி 2025

மெஹ்னாஸுக்கு,

நீ முன்னால் உட்கார்ந்திருந்தாய். பின்னால் எனக்கு நடந்தது உனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

கேட்டில் வாட்ச்மேன் சின்னப்பன், "பொண்ணுக்கு நீங்க யாரு சார்?" என்றார். மாமா என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். பக்கத்து நாற்காலியில் ஆல்வினுடைய அம்மா, தனம் என்று பெயர். அவரிடமும் மாமா என்றே சொன்னேன். "அந்தப் பொண்ணு பாவம் சார். உங்க மச்சான் ரொம்ப நல்ல மனுசனாமே?" என்றார். "இருந்திருக்கலாம்மா" என்றேன். வேறென்ன சொல்ல?

கைனாத் மேடை ஏறினாள். தெருவிளக்கு வந்தது, தாயகம் வந்தது. அந்த லிஃப்ட் வரி வந்தபோது தலையை நிமிர்த்தினாள், என்னைப் பார்த்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் குரல் வேறு மாதிரி ஆகிவிட்டது. 'இறுதி நாட்கள்' என்று தலைப்பை மட்டும் வாசித்தாள். நின்றுவிட்டாள்.

"இதுக்கு மேல பொய். எங்க அத்தா சாகலை. அதோ, பின்னாடி உக்காந்திருக்காரு."

ஆனால் ஹாலில் ஒருத்தர்கூட நம்பவில்லை. முந்நூறு பேரும் 'உச்' கொட்டினார்கள். உன் தீபலட்சுமி மிஸ் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு மைக்கிலேயே சொல்கிறார், "ஆமாடா கண்ணு, அத்தா எங்கயும் போகலை. நம்மகூடதான் எப்பவும் இருக்காரு." தனம் என் தோளில் தட்டி, "புள்ளைக்கு மாமாவைப் பாத்தா அத்தா மாதிரியே தெரியுது சார்" என்றார்.

நான் எழுந்து நின்றேன். "நான்தாங்க அவ அத்தா."

ஹெட்மாஸ்டர் ராஜாராமன் கும்பிட்டார். "குழந்தைக்காகச் சொல்றீங்க, புரியுது சார். இனிமே நீங்கதான் அவளுக்கு அத்தா ஸ்தானம்."

"இல்ல சார், நெசமாவே நான்தான்!"

"சார், கேட்டுல மாமான்னுதான சொன்னீங்க?" என்று சின்னப்பன் வாசலிலிருந்து கத்தினார்.

அவள் மேடையில் தேம்பிக்கொண்டிருந்தாள். பொய் சொன்னபோது ஊரே நம்பியது, உண்மையைச் சொன்னால் பிள்ளையைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள். அந்த இடத்தில் நான் நிஜமாகவே செத்துப்போனேன் மெஹ்னாஸ். கத்துவதா, சட்டைப் பையில் ஆதாரைத் தேடுவதா என்று தெரியாமல் நின்றேன். என் கண் உன்னைத்தான் தேடியது. நீ உட்கார்ந்தே இருந்தாய். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

அப்புறம் எழுந்தாய். திரும்பி எல்லோரையும் பார்த்தாய். "அவர் மாமா இல்லைங்க. என் வீட்டுக்காரர். உயிரோடதான் இருக்கார். நாங்கதான் சேர்ந்து இல்லை" என்றாய்.

அவ்வளவு பேர் முன்னால் உன் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

ஆனால் வெளியே வந்ததும் கைனாத்தைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டாய். திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்டோவில் இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருந்தது. நான் ரோட்டோரம் நின்றேன். 'என் வீட்டுக்காரர்' என்றது பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றவா? 'சேர்ந்து இல்லை' என்றது என்னைத் தள்ளிவைக்கவா? எதை எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் நடந்தே பெருங்களத்தூர் வரை வந்துவிட்டேன்.

மொஹ்சின்


இரும்புலியூர்
17 பிப்ரவரி 2025

கைனாத் அத்தாவுக்கு,

இடம் இருந்தது என்று எழுதத் தெரிகிறது, ஏறத் தெரியவில்லையா? நீங்கள் ஏறுவீர்கள் என்றுதான் நான் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்தேன். திரும்பிப் பார்க்காததற்குக் காரணம், என் மூஞ்சி அழுது வீங்கியிருந்தது. என் குரல் நடுங்கவில்லை என்கிறீர்கள். முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

ஆமாம், உட்கார்ந்தே இருந்தேன். எழுந்து சொல்லிவிட்டால் பிறகு மாற்றிச் சொல்ல முடியாதே என்ற பயம்தான். நீங்களாக வந்து கேட்கட்டும் என்று இத்தனை மாதம் வைராக்கியமாக இருந்தேன். ஆனால் பிள்ளை அங்கே தனியாக நின்று உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளை நம்ப ஒருத்தரும் இல்லை.

இன்று காலை பயந்துகொண்டேதான் அவளைப் பள்ளியில் விட்டேன். மிஸ் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் என்னைவிடக் குழம்பிப்போயிருக்கிறார். "பொய்க்கு முதல் மார்க் போட்டேனாங்க, நிஜத்துக்குப் போட்டேனா? எனக்கே தெரியலை" என்றார். ஆல்வின் வேறு அவரிடம் வந்து, "அப்ப நான் எங்கப்பாகிட்ட பேசினது வேஸ்ட்டா மிஸ்?" என்று கேட்டிருக்கிறான். "இல்லைடா, இல்லைடா" என்று மட்டும்தான் மிஸ்ஸால் சொல்ல முடிந்ததாம். ஏன் இல்லை என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

நானும் ஒன்று கேட்க வேண்டும். தோஹாவில் ரசம் நினைவுக்கு வந்தது என்று எழுதியிருந்தீர்கள். வந்திறங்கிய அன்றைக்கே அதைச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? நான் நம்பமாட்டேன் என்று நீங்களே எப்படி முடிவு செய்தீர்கள்?

கைனாத் பள்ளிக்குப் போகிறாள், சாப்பிடுகிறாள், அந்தக் கவலை தீர்ந்தது. ஆனால் சனிக்கிழமையிலிருந்து என் பின்னாலேயே சுற்றிக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்கிறாள். "அத்தா உயிரோடதான் இருக்காருன்னு எல்லார் முன்னாடியும் நீயே சொல்லிட்ட. அப்புறம் ஏம்மா வீட்டுல இல்லை?"

இதற்குப் பதிலைச் சுந்தர்சிங்கிடம் எழுதியெல்லாம் கொடுத்தனுப்பாதீர்கள். நீங்களே வந்து அவளுக்குச் சொல்லுங்கள்.

மெஹ்னாஸ்